விபூதி தேய்த்த கண்ணாடி

“தாயே, டார்ச்சு சரியில்லை. இன்னிக்கு ஒரு புள்ளத்தாச்சி குகைக்குள்ள விழப் பாத்துச்சு.”

சொல்லிவிட்டு வீரணன் டார்ச் லைட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

சௌந்தரத்தம்மாள் மடத்து வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

“பேட்டரிக் கட்டை மாத்திப் பாத்தீங்களா அண்ணே?”

“மூணு கட்டையும் திங்கக்கிழமைதான் போட்டேன்.”

“பல்பு?”

“அதுவும் புதுசு.”

“கண்ணாடி?”

வீரணனுக்குச் சுருக்கென்றது. எதை வேண்டுமானாலும் கேட்கலாம், அதைக் கேட்கலாமா?

“கண்ணாடியையா கேக்குறீங்க? அதைத்தான் ஒரு நாளைக்கு மூணு வேளை தேய்க்கிறேனே தாயே!”

பொய்யில்லை. தேய்த்தார்தான். அந்தச் சின்ன வட்டக் கண்ணாடிக்கு அவர் செய்த பணிவிடையைச் சாமிக்குச் செய்திருந்தால், சாமியே கூச்சப்பட்டு எழுந்து போயிருக்கும்.

இவர்கள் இருவரும் யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

சௌந்தரத்தம்மாளுக்கு நாற்பத்தோரு வயது. காவி கட்டுவதற்கு முன்னால் திண்டுக்கல்லில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினான்கு வருஷம் கண்ணாடி அறுத்தவர். வீரணனுக்கு ஐம்பத்தொன்பது. டவுன் பஸ் ஓட்டியவர். தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவரை அவர் ‘தாயே’ என்று கூப்பிடுவார். அந்தத் தாய் அவரை ‘அண்ணே’ என்று கூப்பிடுவார். இரண்டு பேரும் முழு மனதோடுதான் கூப்பிட்டார்கள்.

மடத்துக்குப் பின்னால் பாறையில் ஒரு குகை. முப்பத்திரண்டு படி இறங்க வேண்டும். உச்சி வெயிலிலும் உள்ளே கண்ணைக் கட்டினது போல இருட்டு. அடியில் ஒரு சித்தர் அடங்கிய இடம். சுவரில் அவர் உருவத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். கரண்டு இழுக்கச் சித்தர் உத்தரவு கொடுக்கவில்லை என்று ஊரில் பேச்சு. அதனால் வருகிறவர்களுக்கு டார்ச் பிடித்து, இறக்கி, ஏற்றிக் கூட்டிவர ஓர் ஆள் வேண்டும். மூன்று வருஷமாக அந்த ஆள் வீரணன்.

அந்த மூன்று வருஷத்தில் அவர் எவர் முகத்தையும் பார்த்ததில்லை. கால்களை மட்டும் பார்ப்பார். அது அவராக எடுத்துக்கொண்ட விரதம்.

விரதத்துக்குக் காரணம் இருந்தது.

இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டி ஒரு கோழியைக்கூட நசுக்காத மனிதர். ஒரு மழைக்காலத்துச் சாயங்காலம், காதுகுத்து வீட்டுக்குப் போய்விட்டு, மனைவி பஞ்சவர்ணத்தை மொபெட்டில் பின்னால் வைத்துக்கொண்டு திரும்பினார்.

“லைட்டுக் கண்ணாடியில சேறு அப்பிக் கிடக்கு. ஒரு துடை துடைச்சிட்டுப் போவோம்” என்றாள் பஞ்சவர்ணம்.

“வீட்டுல போய்த் துடைச்சுக்கலாம். பேசாம வா” என்றார்.

வேகத்தடை தெரியவில்லை. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆறாம் நாள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாளே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தார். அவர் ‘ஈசு’ என்று கூப்பிடும் ஒரே மகள் பாண்டீஸ்வரிக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாசம். அவளிடம் தாயின் கொலுசைக் கொடுத்தார், வீட்டைப் பூட்டினார், மடத்துக்கு வந்து விழுந்தார்.

“இந்தப் பாவம் தீர ஒரு வழி சொல்லுங்க தாயே.”

சௌந்தரத்தம்மாள் அன்றைக்கு வழி ஒன்றும் சொல்லவில்லை. டார்ச்சை எடுத்துக் கையில் கொடுத்தார்.

“வர்றவங்களுக்குப் பிடிங்க.”

அவ்வளவுதான் குரு சொன்னது. மற்றதெல்லாம் வீரணன் தானாகச் சேர்த்துக்கொண்டது. வெறும் பாறையில் படுக்கை. ஒரு வேளைச் சோறு. விடியும்போது முட்டி போட்டுப் பாறையைச் சுற்றி வருவது. யார் முகத்தையும் பார்க்காமலிருப்பது. டார்ச் கண்ணாடியை மூன்று வேளையும் விபூதி போட்டுத் தேய்ப்பது. மடத்துக் குத்துவிளக்கையும் அந்த விபூதியால்தான் தேய்ப்பார்கள், பொன் மாதிரி மின்னும். ஒரு தடவை துடைக்காமல் விட்டதற்கு உயிர் இருக்கும்வரை துடைத்துவிடுவது என்று அவருக்குள் ஒரு முடிவு.

சௌந்தரத்தம்மாள் கீரைக் காம்பை ஒதுக்கினார்.

“விழப் பாத்தது யாரு அண்ணே?”

“தெரியலை தாயே. அஞ்சு பேரு ஒரு கூட்டமா வந்தாங்க. இது தனியா வந்தது போல. கடைசியா இறங்குச்சு. காலு ரெண்டும் வீங்கி இருந்துச்சு. மாசம் ஏழு, எட்டு இருக்கும். ‘மெதுவா வா தாயி, செவுத்தைப் பிடிச்சுக்க’ன்னு சொன்னேன். பதில் பேசலை.”

“அப்புறம்?”

“இருபதாம் படியில வெளிச்சம் பத்தலை. காலு வழுக்கி, ‘அம்மா’ன்னு ஒரு சத்தம். எனக்கு உசுரே போயிடுச்சு. நல்லவேளை, முன்னால போன பொம்பளை பிடிச்சுக்கிட்டா.”

“அப்புறம்?”

“மேல வந்ததும் விபூதி கொடுத்தேன். கையில வாங்கிக்கிட்டு நின்னுச்சு. ரொம்ப நேரம் நின்னுச்சு.”

“முகம் எப்படி இருந்துச்சு?”

“நான் முகம் பாக்குறதில்லையே தாயே.”

“ஆமாமா. மறந்துட்டேன்.”

கீரை பாதிக்கு மேல் ஆய்ந்தாகிவிட்டது.

“மக கடுதாசி போட்டுச்சே, பதில் போட்டீங்களா?” என்றார் சௌந்தரத்தம்மாள்.

வீரணன் இடுப்பிலிருந்த விபூதிப் பையைத் தடவினார். மூன்று கடிதம் வந்திருந்தது. மூன்றும் விபூதிப் பைக்குள் மடித்துக் கிடந்தன. முதலாவதில், முழுகாமல் இருக்கிறேன் என்று எழுதியிருந்தாள். இரண்டாவதில், பிள்ளை அசைகிறது என்று எழுதியிருந்தாள். மூன்றாவது போன வாரம் வந்தது. ‘வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அன்னிக்கே பிறந்த வீட்டுல இருந்து வந்து கூட்டிக்கிட்டுப் போகணும். ஆள் வருமா வராதான்னு மாமியார் தினமும் கேக்குறாங்க. நீ வரலைன்னா நான் யார் கூடப்பா போறது?’

“நாளைக் கழிச்சு வெள்ளி” என்றார் சௌந்தரத்தம்மாள்.

“தெரியும் தாயே.”

“போகலையா?”

“எந்தக் கையோட போறது? அவ ஆத்தாளைக் கொன்ன கை. அதே கையால அவளைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டியாந்தா விளங்குமா? முதல் பிரசவம் வேற. கறை போகட்டும். போனப்புறம் போறேன்.”

“எப்ப போகும்?”

“அது தெரிஞ்சா உங்க காலடியில ஏன் கிடக்குறேன்?”

அவர் மகளை நினைக்காத நாள் இல்லை. நினைத்த உடனே எழுந்துபோய் இன்னும் இரண்டு சுற்று முட்டி போட்டு வருவார். முட்டி இரண்டும் காய்த்துப் போயிருந்தது.

சௌந்தரத்தம்மாள் கீரையைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

“சரி, டார்ச்சைக் கழட்டுங்க.”

வீரணன் தலைப்பக்கத்து வளையத்தைத் திருகினார். கண்ணாடி உள்ளங்கையில் விழுந்தது.

“வெயில்ல பிடிச்சுப் பாருங்க.”

பிடித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெயில் தெரியவில்லை. மோர் பட்டுக் காய்ந்தது போல வெள்ளையாக இருந்தது.

“ஐயையோ, இவ்வளவு அழுக்கா?”

சட்டென்று விபூதிப் பைக்குள் கையை விட்டார். சௌந்தரத்தம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நகத்தால தடவுங்க.”

தடவினார். சொரசொரவென்றது.

“அழுக்கு இல்லைண்ணே. கீறல்.”

“கீறலா? யாரு கீறினா?”

சௌந்தரத்தம்மாள் அவர் விரல்களைப் பார்த்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விபூதி ஏறி வெளுத்துக் கிடந்தன. வீரணனும் குனிந்து தன் விரல்களைப் பார்த்தார்.

“இது பிளாஸ்டிக். பித்தளை இல்லை. பொடி போட்டுத் தேய்ச்சா கீறத்தான் செய்யும்” என்றார் சௌந்தரத்தம்மாள். “பதினாலு வருஷம் கடைக்கு வந்தவங்க எல்லாருக்கும் இதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

“விபூதி தாயே! விபூதியிலதானே தேய்ச்சேன்!”

“விபூதி நெத்திக்குண்ணே.”

“நல்லதுக்குத்தானே செஞ்சேன்.”

“ஆமா. நல்லதுக்குத்தான்.”

“முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“இன்னிக்குத்தானே வந்து கேட்டீங்க.”

எழுந்து உள்ளே போனார். சாமான் அறையில் எதையெதையோ தள்ளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய டார்ச். அவருடைய குருநாதர் வைத்திருந்தது. கட்டை ஒழுகி, துருப்பிடித்து, எப்போதோ செத்துப்போனது. அதன் தலையைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்தார். நூலாம்படையும் புழுதியுமாக இருந்தது.

“இதையா போடப் போறீங்க?”

“இதைத்தான். அளவு ஒண்ணுதான்.”

“இது அதைவிட மோசமால்ல இருக்கு?”

“பத்து வருஷமா இதை யாரும் தொடலைண்ணே.”

வீரணன் வேட்டி நுனியை எடுத்தார். பழக்கம் விடுமா?

“தேய்க்காதீங்க. தண்ணி ஊத்துங்க.”

செம்பிலிருந்து ஊற்றினார். புழுதி சேறாகிக் கலங்கி ஓடியது.

“இன்னொரு தடவை.”

ஊற்றினார். நூலாம்படை போய்விட்டது.

“இன்னொரு தடவை.”

மூன்றாம் தடவை வெறும் தண்ணீர்தான் ஓடியது. சௌந்தரத்தம்மாள் நைந்துபோன ஒரு பருத்தித் துணியைக் கொடுத்தார்.

“ஒத்தி எடுங்க. அழுத்தாம, ஒத்தி மட்டும் எடுங்க.”

ஒத்தி எடுத்தார். உள்ளங்கையில் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. கை ரேகைதான் தெரிந்தது. வீரணன் காத்திருந்தார்.

“அப்புறம் தாயே?”

“அப்புறம் என்ன? மாட்டுங்க.”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

வீரணனுக்குக் கோபம் வந்தது. உள்ளபடியே வந்தது. மூன்று வருஷம் விரல் தேயத் தேய்த்திருக்கிறார். இங்கே மூன்று செம்புத் தண்ணீரில் காரியம் முடிந்துவிட்டது. யாரோ தன்னை ஏமாற்றிவிட்டது போல இருந்தது. அது யார் என்று மட்டும் பிடிபடவில்லை. பேசாமல் கண்ணாடியை வைத்து வளையத்தைத் திருகினார்.

“போய் இருபதாம் படியைப் பாத்துட்டு வாங்க. அங்க என்ன வழுக்குதுன்னு தெரியட்டும்” என்றார் சௌந்தரத்தம்மாள்.

குகை வாயில் நின்று பொத்தானைத் தள்ளினார்.

வெளிச்சம் பாய்ந்தது. வீரணன் ஓர் அடி பின்வாங்கிவிட்டார். படி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. உளி பட்ட தழும்புகூடத் தெரிந்தது. அடியில், சுவரில், சித்தர் தெரிந்தார். ‘இதோ சித்தர் உட்கார்ந்திருக்கார், கும்பிட்டுக்கங்க’ என்று வருகிறவர்களிடம் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் வீரணன். அவருக்கு முன்னால் டார்ச் பிடித்தவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். இவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

சித்தர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கால் முன்னே இருந்தது.

‘அட, ஆண்டவனே’ என்று வாய்விட்டுச் சொன்னார்.

எண்ணிக்கொண்டே இறங்கினார். பதினெட்டு. பத்தொன்பது. இருபதாம் படியில் பாசி பிடித்திருந்தது. சுரண்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தை ஓரத்துக்குத் திருப்பினார்.

ஓரத்தில் ஒரு கொலுசு கிடந்தது.

குனிந்து எடுத்தார். வெள்ளிக் கொலுசு. கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி முறுக்கியிருந்தது. கம்பி விட்டுப்போயிருந்தது.

அந்தக் கம்பியை முறுக்கியது அவர்தான். பஸ் டெப்போவில் பொறுக்கிவந்த கம்பி. ‘வெள்ளிக் கொலுசுக்குச் செம்புக் கம்பி போட்ட ஒரே ஆம்பளை நீங்கதான்’ என்று பஞ்சவர்ணம் பத்து நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கடைசிவரை அதை மாற்றவுமில்லை.

வீரணன் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீங்கின கால். மெதுவா வா தாயி என்று சொன்ன கால். அந்தக் காலுக்குத்தான் முப்பத்திரண்டு படியும் வெளிச்சம் பிடித்திருக்கிறார். முகத்தைத்தான் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாரே? காலில் கிடந்த கொலுசு தெரியவில்லையே?

“ஈசு!” என்று அலறினார். அலறல் குகைக்குள் சுற்றி அவரிடமே திரும்பியது.

தடுமாறி ஏறி வெளியே வந்தார். சௌந்தரத்தம்மாள் குகை வாயில் நின்றுகொண்டிருந்தார்.

“தாயே, வந்தது என் மக.”

“ஆமாண்ணே.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“மடத்துல வந்து தண்ணி கேட்டுச்சு. குடிச்சுட்டு அழுதுச்சு. ‘எங்கப்பா எனக்கு விபூதி கொடுத்தாரு’ன்னு சொல்லிட்டு இறங்கிப் போச்சு.”

“தெரிஞ்சுமா சொல்லலை? வந்த உடனே சொல்லியிருக்கக் கூடாதா?” வீரணன் கத்தினார். குருவிடம் குரலை உயர்த்துவது அதுதான் முதல் தடவை.

“மூணு கடுதாசி சொல்லுச்சேண்ணே.”

வீரணன் பாறையில் சரிந்தார். கொலுசை நெஞ்சோடு வைத்துக்கொண்டு விம்மினார்.

“பெத்த மகளை விழவச்சுக் கொல்லப் பாத்தேனே. இதுவும் என் தலையிலயா? இதை எங்க கொண்டுபோய்த் தீக்கிறது? சொல்லுங்க தாயே, இன்னும் எத்தனை வருஷம்...”

“நாலரைக்குப் பஸ்சு” என்றார் சௌந்தரத்தம்மாள்.

“என் பாவம் தாயே...”

“நாலரைக்குண்ணே. இப்ப மணி நாலு.”

வீரணன் அவரைப் பார்த்தார். பிறகு எழுந்தார். காய்த்த முட்டியோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சரிவில் ஓடினார். விபூதிப் பை பாறையிலேயே கிடந்தது.

அடிவாரத்தில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதன் சிமெண்டுத் திண்டில் பாண்டீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. ஒரு காலில் கொலுசு இருந்தது. ஒரு கால் வெறுமையாக இருந்தது.

வீரணன் மூச்சு வாங்க அவள் முன்னால் வந்து நின்றார். கண் தானாகத் தரைக்குப் போயிற்று. அப்படியே மண்டியிட்டு, வெறுங்காலை எடுத்துக் கொலுசைச் சுற்றிப் பார்த்தார். கம்பி எட்டவில்லை.

“அது ஏறாதுப்பா” என்றாள். “ஒரு மாசமா வீக்கம்.”

“என்னை மன்னிச்சுடு ஈசு. உங்கம்மாவை நான்தானே...”

“அம்மா செத்துப் போச்சு. அழுதேன். ஊரே வந்து கூட உக்காந்து அழுதுச்சு.” அவள் குரல் உடைந்தது. “நீ உசுரோட இருந்துக்கிட்டே போனியே, அதுக்கு நான் யாருகிட்டப் போய் அழறது?”

வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. இருபத்தாறு வருஷம் அடித்த ஹாரன்.

“நாளைக்கே போய் வீட்டைத் தொறந்து, கழுவி விட்டு வைக்கிறேன் தாயி” என்றார். “வெள்ளிக்கிழமை காலையில வந்துடறேன். நம்ம வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்.”

பாண்டீஸ்வரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

“யாருகிட்டப்பா சொல்ற? என் காலுகிட்டயா?”

வீரணன் நிமிர்ந்தார்.